சொல்லிக் கொடுத்த பெண்கள்



ஒரு கலைஞரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் குரலைப் புகழ்கிறோம், பிறகு அழகைப் புகழ்கிறோம், அதற்கும் மேலே போனால் பூர்வ ஜன்மப் புண்ணியம் என்கிறோம். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கிறோமா? இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அந்தக் கேள்விதான். கியோட்டோ நகரத்துக் கெய்ஷாக்கள், தமிழர்களாகிய நாம் வாழும் இந்தக் கொல்கத்தாவின் பாய்ஜிகள், நம் தமிழ்நாட்டில் சதிர் ஆடிய சின்னமேளக் குடும்பங்கள். இந்த மூன்று இடங்களிலும் பெண்கள்தான் ஆடினார்கள், பெண்கள்தான் பாடினார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? அவர்கள் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

ஜப்பானிலிருந்து தொடங்குகிறேன். கெய்ஷா என்றதும் நமக்கு வெள்ளைப் பூச்சு பூசிய ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு கண்டிப்பான பள்ளிக்கூடம் இருக்கிறது என்பது நினைவுக்கு வருவதில்லை. கியோட்டோவில் கெய்ஷாக்களின் பேட்டைகள் ஐந்து. பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு மைகோ என்று பெயர். இன்றைய வழக்கப்படி, நடுநிலைப் பள்ளியை முடித்த பிறகுதான், ஏறக்குறைய பதினைந்து வயதில், ஒரு பெண் சேரலாம். சேர்ந்தவள் ஓர் இல்லத்தில் தங்கவேண்டும். அந்த இல்லத்தின் தலைவியை அம்மா என்று அழைக்கவேண்டும். சாப்பாடு, நடன வகுப்புக் கட்டணம், விலை கூடிய கிமோனோ உடைகள் எல்லாமே அந்த அம்மாவின் செலவு. அதைப் பின்னால் அவள் உழைத்துத் தீர்க்கவேண்டும்.

முதலில் வீட்டு வேலை. அடுத்து, பார்த்துப் பழகும் காலம். விருந்து நடக்கும் இடத்துக்குப் போய், மூத்தவர்கள் எப்படி நுழைகிறார்கள், எப்படி வணங்குகிறார்கள், எப்போது பேசுகிறார்கள், எப்போது வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதை அவள் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தை நம் ஊர் மேடைகளிலும் கட்டாயமாக்கினால் நல்லது. பேச்சாளர்களாகிய எங்களிடமிருந்தே தொடங்கலாம்.

அவள் முதன்முதலாகச் சபைக்கு வருமுன் ஒரு சடங்கு நடக்கும். ஒரு மூத்த கெய்ஷா அவளுக்கு அக்காவாக அமைகிறார். ஜப்பானியத் திருமணத்தில் மணமக்கள் செய்வதுபோல, மூன்று கிண்ணங்களில் மும்மூன்று மிடறாக இருவரும் மது அருந்தி உறவை உறுதி செய்கிறார்கள். அக்காவின் தொழிற்பெயரிலிருந்து ஓர் எழுத்து தங்கையின் பெயரில் சேர்கிறது. அன்று முதல் தங்கை தவறு செய்தால் அக்காதான் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். யார் இவளை உருவாக்கினார் என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை, பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கியோன் கோபு என்ற பேட்டையில் ஆடப்படுவது இனோவே மரபு. அந்த மரபின் தலைமை 1800ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து பெண்களிடமே இருந்துவருகிறது. தலைமை ஏற்பவர் இனோவே யாச்சியோ என்ற பெயரையே சூடிக்கொள்கிறார். இப்போது இருப்பவர் ஐந்தாமவர். தலைநகர் டோக்கியோவுக்குப் போய்விட, களையிழந்து நின்ற கியோட்டோ 1872இல் ஒரு பொருட்காட்சி நடத்தியது. அப்போது மூன்றாம் யாச்சியோ அமைத்த பொது நடன நிகழ்ச்சி இன்றும் ஆண்டுதோறும் வசந்தத்தில் நடக்கிறது. ஐந்து தலைமுறைப் பெண் ஆசிரியர்கள். ஐந்து பேருக்கும் பெயர் இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது, கடைசி இருவருக்கு அரசாங்க மரியாதையும் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் கொல்கத்தாவுக்கு வாருங்கள்.

1856இல் அவத் நாட்டை ஆங்கிலேயர் பறித்துக்கொண்டார்கள். நவாப் வாஜித் அலி ஷா கொல்கத்தாவுக்கு வந்தார். ஹூக்ளிக் கரையில் மெட்டியாபுருஜ் என்ற இடத்தில் ஒரு குட்டி லக்னோவையே உண்டாக்கினார். பாடகர்கள் வந்தார்கள், ஆடலாசிரியர்கள் வந்தார்கள், சாரங்கிக்காரர்கள் வந்தார்கள், சமையல்காரர்களும் வந்தார்கள். பிரியாணியில் உருளைக்கிழங்கு போட்டது யார் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. 1887இல் அவர் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள், இந்த நகரத்தில் தும்ரிப் பாட்டுக்கும் கதக் ஆட்டத்துக்கும் ஒரு தாய்வீடு இருந்தது.

அந்தக் காற்று வீசும் ஊருக்கு 1883இல் ஒரு தாயும் மகளும் பனாரஸிலிருந்து வந்து சேர்ந்தார்கள். தாய் மல்கா ஜான். மகள் கௌஹர் ஜான், பத்து வயது. ஆஸம்கரில் 1873இல் பிறந்தபோது அந்தக் குழந்தைக்கு ஏஞ்சலினா என்று பெயர். தந்தை ஆர்மீனிய வம்சத்தவர், ஒரு பனிக்கட்டித் தொழிற்சாலையில் பொறியாளர். அவர்கள் மணவாழ்க்கை 1879இல் முறிந்தது. பனாரஸ் போனதும் தாய் இஸ்லாத்தைத் தழுவினார், பாடக் கற்றார், ஆடக் கற்றார். கொல்கத்தா வந்த மூன்றே ஆண்டுகளில் சித்பூர் சாலையில், இன்று ரவீந்திர சரணி என்கிறோமே அங்கே, நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு வீடு வாங்கினார். அதே 1886இல் தம் உருதுக் கவிதைகளையும் நூலாக வெளியிட்டார். கைவிடப்பட்ட ஒரு பெண் ஏழாண்டுகளில் கவிஞராகவும் வீட்டுச் சொந்தக்காரராகவும் ஆகியிருக்கிறார்!

மகளுக்கு அவர் என்ன செய்தார்? ஆசிரியர்களைத் தேடித் தேடி அமர்த்தினார். பாட்டியாலா காலே கான், ராம்பூர் வசீர் கான், பாட்டியாலா மரபின் மூலவர்களுள் ஒருவரான அலி பக்ஷ் எல்லோரிடமும் கௌஹர் இசை கற்றார். கதக் கற்றது லக்னோவின் பிந்தாதீன் மகராஜிடம். துருபதத்தை ஸ்ரீஜன்பாய் சொல்லிக் கொடுத்தார். வங்காளக் கீர்த்தனம் சரண்தாஸ் தந்தது.

அந்தக் கல்வி எப்படி நடந்தது? தொடக்கத்தில் கயிறு கட்டும் சடங்கு. உஸ்தாத், அதாவது ஆசிரியர், மாணவியின் மணிக்கட்டில் கயிறு கட்டுவார். வெல்லமும் கடலையும் வாயில் இடுவார். காணிக்கை கைமாறும். பிறகு விடியற்காலைச் சாதகம், ஒரே சுரத்தில் மூச்சு முட்டும்வரை நிற்பது. காலில் சலங்கை கட்டி மணிக்கணக்கில் காலடிப் பயிற்சி. இதெல்லாம் அடித்தளம்தான். அதற்கு மேலே உருது, பாரசீகம், கவிதை, சபை நாகரிகம். உட்கார்ந்தபடியே ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, கண்ணால் ஒரு பொருள், புருவத்தால் ஒரு பொருள், விரலால் ஒரு பொருள் என்று விரித்துக்கொண்டே போகவேண்டும். பதம் பிடித்து அபிநயிக்கும் நம் மரபைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

1887இல் தர்பங்கா அரசவையில் கௌஹர் முதன்முதலாகப் பாடினார். அங்கிருந்து தொடங்கியது புகழ். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பெர்க் இதே கொல்கத்தாவில் எந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கினார். இந்தியாவில் முதன்முதலாகத் தட்டில் குரல் பதித்த கலைஞர்களுள் கௌஹர் முன்னணியில் நின்றார். அந்த அமர்வுக்கு அவருக்குச் சம்பளம் மூவாயிரம் ரூபாய். பாட்டு முடிந்ததும், ‘என் பெயர் கௌஹர் ஜான்’ என்று அவரே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் ஏறத்தாழ அறுநூறு பதிவுகள் செய்தார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க விரும்புகிறேன். அந்தத் தட்டில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலேதான் இடம் உண்டு. ஒரு ராகத்தை இரவு முழுதும் பாடிப் பழகியவர்கள் மூன்று நிமிடத்தில் என்ன செய்வது என்று திகைத்தார்கள், எந்திரத்தின் முன் குரலைத் தர மறுத்த உஸ்தாத்களும் உண்டு. கௌஹர் திகைக்கவில்லை. எடுப்பு, விரிவு, துரிதம், முடிப்பு எல்லாம் அந்த மூன்று நிமிடத்துக்குள். சின்ன இடத்தில் பெரிய உருவம் காட்டுவது துணிச்சலால் மட்டும் வராது. எதை விட்டாலும் ராகம் கெடாது, எதை விட்டால் கெடும் என்று தெரிந்திருக்கவேண்டும். அதற்குப் பெயர்தான் படிப்பு. அந்தப் படிப்புக்கு யார் கட்டணம் கட்டினார்? அம்மா. எந்த ஆசிரியர், எந்த வயதில், எவ்வளவு நாள் என்று தீர்மானித்தவர் யார்? அம்மா. ஆனால் கௌஹரின் குரு பரம்பரையை எழுதுகிறவர்கள் உஸ்தாத்களை வரிசையாக எழுதிவிட்டு, மல்கா ஜானைப் பெற்றவள் என்ற கட்டத்துக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். ஸ்ரீஜன்பாய்? பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

சாரங்கிக்காரர்களும் தபலாக்காரர்களும் பெரும் உஸ்தாத்களும் இந்த வீடுகளில்தான் சம்பளம் வாங்கினார்கள். பெண்கள் பாடிச் சம்பாதித்த பணம்தான் பல கரானாக்களின், அதாவது இசைப் பரம்பரைகளின், அடுப்பை எரியவைத்தது. மாணவி பணம் கொடுத்தாள், ஆசிரியர் பெயர் எடுத்தார். இது என் தீர்ப்பு. மறுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.

இனி இந்த ஊரின் நாடக மேடைக்குப் போவோம். 1873இல் பெங்கால் தியேட்டர் நான்கு பெண்களை நடிக்கச் சேர்த்தது. மைக்கேல் மதுசூதன் தத்தர் கொடுத்த யோசனை அது. விலைமாதர் தெருவிலிருந்து பெண்களை மேடைக்குக் கொண்டுவருவதா என்று வித்யாசாகரே அந்த அமைப்பிலிருந்து விலகிக்கொண்டார். பெண்களுக்காக எவ்வளவோ போராடிய வித்யாசாகர்! பெரியவர்களுக்கும் கண்ணுக்கு எட்டாத இடங்கள் உண்டு.

அடுத்த ஆண்டே, பன்னிரண்டு வயதை எட்டாத ஒரு சிறுமி பத்து ரூபாய் மாதச் சம்பளத்தில் கிரேட் நேஷனல் தியேட்டரில் சேர்ந்தாள். பெயர் வினோதினி. கார்ன்வாலிஸ் தெருவில் ஏழை வீடு, ஆண் துணையில்லாக் குடும்பம். அந்த வீட்டில் ஓர் அறைக்குக் குடிவந்தவர் கங்கா பாய்ஜி. அவர்தான் வினோதினிக்கு முதலில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். அவர் பாட்டைக் கேட்க வந்துபோனவர்கள் வழியாகத்தான் மேடைக்கும் வாசல் திறந்தது.

பின்னால் வந்தார் நாடகாசிரியர் கிரீஷ் சந்திர கோஷ். பெரிய குரு, சந்தேகமில்லை. வசனத்தை ஒப்பிக்க வைப்பதோடு அவர் நிறுத்தவில்லை. பாத்திரத்தின் மனத்தை விளக்கினார், ஆங்கில நாடகக் கதைகளைச் சொன்னார், இங்கிலாந்தின் பேர்பெற்ற நடிகைகள் ஒரு காட்சியை எப்படிக் கையாண்டார்கள் என்று உட்காரவைத்துப் பேசினார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத பெண்ணை ஒரு கலைஞராக நினைத்துப் பேசினார். வினோதினி இதை நன்றியோடு தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1884இல் சைதன்ய லீலா நாடகத்தில் அவர் சைதன்யராக நடித்ததை ராமகிருஷ்ண பரமஹம்சர் வந்து பார்த்து ஆசி கூறியது உங்களுக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய கதை தெரியுமா? 1883இல் கிரீஷின் நாடகக் கம்பெனிக்குச் சொந்தக் கொட்டகை வேண்டும். குர்முக் ராய் என்ற இளம் பணக்காரர் பணம் தரத் தயார், ஆனால் வினோதினி தமக்கு வேண்டும் என்றார். எல்லோரும் சேர்ந்து வினோதினியை வற்புறுத்தினார்கள். உன் பெயரையே கொட்டகைக்கு வைப்போம் என்றார்கள். அவர் இணங்கினார். பதிவு செய்துவிட்டு வந்தவர்கள் சொன்ன பெயர், ஸ்டார். மூன்றாண்டில், இருபத்து மூன்று வயதில், வினோதினி மேடையை விட்டே விலகிவிட்டார்.

பல ஆண்டு கழித்துத் தம் கதையை எழுதியபோது குருவிடம் முன்னுரை கேட்டார். கிரீஷ் எழுதித் தந்தார். சீடர் அதில் நிறைவடையவில்லை. சில உண்மைகள் விட்டுப்போயிருக்கின்றன, திருத்தி எழுதித் தாருங்கள் என்றார். குரு 1912இல் காலமாகிவிட்டார், திருத்தம் வரவேயில்லை. குருவின் காலைத் தொட்டுக் கும்பிடுகிற சீடர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். கும்பிட்டபடியே, நீங்கள் முழு உண்மையைச் சொல்லவில்லை என்று சொன்ன ஒரு சீடரை நான் இவரிடம்தான் பார்க்கிறேன்.

இன்று கிரீஷ் பெயரில் மெட்ரோ நிலையமே இருக்கிறது. ஹாத்திபாகானில் இருக்கும் ஸ்டார் தியேட்டருக்கு 2024 டிசம்பர் கடைசியில் வினோதினி பெயர் அறிவிக்கப்பட்டது. கொடுத்த வாக்கு நிறைவேற நூற்று நாற்பது ஆண்டு! கங்கா பாய்ஜிக்கு ஒரு சந்துகூட இல்லை.

நம்மவர் கதை என்ன? தெற்கே பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவுக்கு வெளியே அவர் முதலில் ஆடிய ஊர் எது? இதே கொல்கத்தா, 1934இல். அந்த ஆண்டுகளில் அவரை ஆடக் கண்ட இந்த ஊர்ச் சிறுவன் ஒருவன் நாற்பதாண்டு மறக்காமல் இருந்து, 1976இல் ‘பாலா’ என்று படமே எடுத்தான். சிறுவன் பெயர் சத்யஜித் ராய். தமிழ்நாட்டு அரசும் அந்தப் படத்துக்குத் துணை நின்றது.

பாலாவின் குரு யார் என்றால் கந்தப்பப் பிள்ளை என்போம். தஞ்சை நால்வர் வழிவந்தவர். நாலு வயதுக் குழந்தையைப் பிடித்து, ஏழு வயதில், 1925இல், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றினார். கண்டிப்புக்குப் பேர்போனவர், பிற்பாடு உதயசங்கரின் அல்மோரா நடன நிலையத்தில் கற்பிக்கவும் போனார். அவர் பெருமையில் ஒரு குன்றிமணியும் குறைக்க வேண்டாம். ஆனால் பாலாவுக்கு ஆடவேண்டும் என்ற ஆசையையே மூட்டியவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். அபிநயம் கற்பித்தவரும் அவர். ஆட்டத்துக்குப் பாடியவர் தாய் ஜெயம்மாள். வீட்டின் நடுவே பாட்டி வீணை தனம்மாள். மூன்று பெண்கள்! பிள்ளை அடித்தளம் போட்டார், இந்த மூவரும் அதில் இசையைக் குடியேற்றினார்கள். கௌரி அம்மாள் ருக்மிணி தேவிக்கும் கற்பித்தவர்தான். தேவதாசி முறை ஒழிந்தபோது கோயில் கொடுத்திருந்த வீடும் போய், கடைசிக் காலத்தை வறுமையில் கழித்தார்.

சிலர் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. பழைய முறையைப் புகழ்கிறாயா என்று. இல்லை. அந்தக் கல்வியில் பிள்ளைக்குச் சம்மதம் கேட்கவில்லை. பிறந்த வீடே தொழிலைத் தீர்மானித்தது. பருவம் வந்ததும் யார் பாதுகாவல் என்று பணம் பேசப்பட்டது. கௌஹரும் இந்தக் கொடுமைக்குத் தப்பவில்லை. கியோட்டோவிலும் பழைய நாளில் வறுமை தாளாமல் பெண் குழந்தைகளை இல்லங்களுக்கு விற்றார்கள். இன்றும் அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை: சிறு வயதிலேயே மது ஊற்றிக் கொடுத்தார்கள் என்று 2022இல் முன்னாள் மைகோ ஒருவர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார், நாடே பேசியது. அந்தச் சுரண்டல் ஒழிய வேண்டியதுதான். ஆனால் ஒழித்தவர்கள் எதைப் பாதுகாத்தார்கள்? பாட்டை எடுத்துக்கொண்டார்கள். ஆட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். சொல்லிக் கொடுத்த பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இதை மாற்றிக் காட்டிய இருவரைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒருவர் பாடகி இந்துபாலா. தாய் சர்க்கஸில் வித்தை காட்டியவர். மகள் கற்றது யாரிடம்? உஸ்தாத்களிடம் கற்றார், கவிஞர் நஸ்ருல் இஸ்லாமிடம் கற்றார், கௌஹர் ஜானிடமும் கற்றார். மகாராணியைப்போல் வாழ்ந்த கௌஹர் வழக்குகளில் சொத்தை இழந்து, 1928இல் மைசூர் அரண்மனையில் மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு அமர்ந்து, 1930 ஜனவரியில் அங்கேயே காலமானார். அவருடைய பாட்டு இந்துபாலாவிடம் தங்கியது. இந்துபாலா பேரும் பணமும் வந்தபிறகும் விலைமாதர் குடியிருந்த ராம்பாகான் தெருவை விட்டுப் போகவில்லை. நான் யார் என்பதை மறைக்கமாட்டேன் என்று அங்கேயே வாழ்ந்தார். 1975இல் சங்கீத நாடக அகாதமி விருது அந்தத் தெருவுக்குத் தேடிக்கொண்டு வந்தது.

மற்றவர் பாடகி பேகம் அக்தர். ஃபைசாபாத்தில் பிறந்தவர், இளமையில் தாயோடு கொல்கத்தா வந்து கற்றவர், இந்த ஊர் மேடையில் புகழ் பெற்றவர். ராயின் ‘ஜல்சாகர்’ படத்தில் அவர் பாடுவதை இன்றும் பார்க்கலாம். 1950களில் அவர் ஒரு காரியம் செய்தார். சாந்தி ஹீரானந்த் உள்ளிட்ட மாணவியருக்குத் தம் கையாலேயே கயிறு கட்டிச் சீடர்களாக ஏற்றார். உஸ்தாத்கள் மட்டுமே கட்டிவந்த கயிறு அது. ஒரு பெண், ஊரறிய, நான்தான் குரு என்று உட்கார்ந்தார். சாந்தி அவரை அம்மி என்றே அழைத்தார். தம் குருவைப் பற்றிப் பிறகு எழுதிய நூலுக்கு அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்தார்.

பெற்றோர்களே, லேக் மார்க்கெட் பக்கத்து வீடுகளில் இன்றும் மாலையானால் பிள்ளைகள் சரளி வரிசை பாடுகிறார்கள், தட்டடவு போடுகிறார்கள். பெரும்பாலும் கற்பிக்கிறவர் ஒரு மாமி, ஓர் அக்கா. அரங்கேற்றம் வந்தால் அழைப்பிதழில் தலைமை தாங்குபவர் பெயர் பெரிதாக, வாழ்த்துரை வழங்குபவர் பெயர் அதைவிடப் பெரிதாக அச்சாகிறது. முதல் சுரத்தை வாயில் வைத்த அந்த மாமியின் பெயர்? அடுத்த அழைப்பிதழில் அதை மேலே போடுங்கள். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று கேட்டு, அந்தப் பெயரையும் போடுங்கள். மேடைக்கு அழைத்து உட்காரவையுங்கள். பொன்னாடை மிச்சமிருந்தால் எங்களைப் போன்ற பேச்சாளர்களுக்குப் போர்த்துங்கள்.